தெருமரத் தேர்வு: ஏழடி நூலும் அதன் உரையும்

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தது. மறுநாள் காலை தெருவில் இறங்கினால் நடக்க வழியில்லை. நேற்றுவரை அண்ணாந்து பார்த்த கிளைகள் இடுப்பளவில் கிடந்தன. அதன்பின் சில வாரங்களுக்கு எங்கள் தெருவில் இரண்டு பேர் சந்தித்தால் ஒரே பேச்சுதான்: இந்தக் குழிகளில் இனி என்ன வைப்பது? ஒருவருக்குப் பூ வேண்டும். ஒருவருக்குக் கார்மேல் சருகு விழக்கூடாது. மூன்றாமவர் எதைச் சொன்னாலும் “வேம்பு வைங்க சார்” என்பார். அந்தப் பேச்சுகளைக் கேட்டுக் கேட்டு ஒரு நோட்டின் பின்பக்கத்தில் எழுதிவைத்த ஏழடி இது:

நிலமறி நீரறி நின்றிடும் இடமறி
பெயரறி பிறப்பறி பெற்றதாய் மரமறி
இளமையின் எழில்கண்டு ஏமாந்து போகேல்
கவட்டினைக் காண்க கனியினை வினவுக
ஆற்றங் கரைமரம் தெருவினுக் காகும்
ஒன்றே நடாமல் பலவகை நடுக
இருபதாண் டிருந்தபின் எழுதுக முடிவே

நூற்பா என்று இதைச் சொல்லிக்கொள்ளக் கூச்சமாகத்தான் இருக்கிறது. மனத்தில் நிற்கட்டும் என்று மோனை சேர்த்தேன், அவ்வளவே. தன் நூலுக்குத் தானே உரை செய்வது நம்மில் புதிதல்ல. இலக்கணக் கொத்துக்குச் சாமிநாத தேசிகர் தாமே உரை எழுதியிருக்கிறார். அதில் ஒரு வசதியும் உண்டு. எந்த இடத்தில் சீருக்காக உண்மையை நெளித்தான் என்பது நூலாசிரியனைவிட உரைகாரனுக்கு நன்றாகத் தெரியும்.

நிலமறி நீரறி நின்றிடும் இடமறி

மூன்று ‘அறி’யும் ஏவல். ஏவப்படுபவர் தேர்கிறவர். குழி வெட்டுகிறவர் கைக்குக் கன்று வந்து சேரும்போது தேர்வு எப்போதோ முடிந்திருக்கும்.

நிலம் என்றதும் செம்மண், களிமண், மணற்பாங்கு என்று வரைபடத்தைப் பார்த்துச் சொல்லிவிடத் தோன்றும். அது வயலுக்குப் போதும். தெருமரத்தின் நிலம் என்பது நடைபாதைக் கல்லுக்கும் மழைநீர் வடிகாலுக்கும் நடுவே விட்ட இரண்டு மூன்று அடிச் சதுரம். தோண்டினால் செங்கல் துண்டு, சிமெண்டுக் கட்டி, பழைய ரோட்டின் தார். எல்லாவற்றின்மேலும் ரோடு உருளை ஏறி இறங்கிய இறுக்கம். வேர் நீரை மட்டும் குடிப்பதில்லை, மூச்சும் விடுகிறது. மண் இறுகும்போது முதலில் வெளியேறுவது காற்று. தண்ணீர் ஊற்றியும் தெருமரம் வாடுகிறதென்றால் பல நேரம் அது மூச்சுத் திணறல்.

அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தின் நைனா பாசுக் இந்த முடிச்சை மறுமுனையிலிருந்து அவிழ்த்தவர். சாலைப் பொறியாளர் மண் இறுக வேண்டும் என்பார், மரம் இளக வேண்டும் என்கிறது. இரண்டும் கேட்பது ஒரே இடத்தை. அவருடைய குழு ஜல்லியை அடுக்கி, கல்லுக்கும் கல்லுக்கும் இடையிலுள்ள வெளியில் மட்டும் மண்ணை நிறைத்தது. மேலே வரும் பாரத்தைக் கல்லோடு கல் தாங்கிக்கொள்ளும். இடுக்கில் கிடக்கும் மண் இறுகாமல் இருக்கும். வேர் அதன் வழியே ஓடும். 1990களில் வந்த இந்த ஜல்லிமண் பின்னர் பல ஊர்களின் நடைபாதைக்குக் கீழே போனது. ‘நிலமறி’ என்ற சொல்லுக்கு ‘முடிந்தால் நிலத்தை மாற்று’ என்ற பொருளும் அடங்கும் என்று கொள்க.

நீரறி. எந்த மரம் எவ்வளவு வறட்சி தாங்கும் என்பதை முன்பெல்லாம் நட்டுவிட்டுப் பார்த்தார்கள். இப்போது இலையையே சாட்சிக்கு அழைக்கிறார்கள். இலைச் செல்லுக்குள் நீர் நிறைந்து விம்மியிருப்பதால்தான் இலை விறைப்பாக நிற்கிறது. மண் காயக் காய அந்த விம்மல் குறையும். ஒரு கட்டத்தில் இலை தொங்கிப்போகும். எந்த அளவு வறட்சியில் அது நடக்கும் என்பது மரத்துக்கு மரம் வேறுபடும். சுவீடனின் ஹென்ரிக் ஷோமன், இங்கிலாந்தின் ஆண்ட்ரூ ஹைரன்ஸ் ஆகியோர் இலையிலிருந்து சிறு வட்டங்களை வெட்டி, உறையவைத்து, உள்ளிருக்கும் சாற்றின் செறிவை அளந்து அந்த எல்லையைக் கணக்கிட்டார்கள். மேப்பிள் இனங்களை அவர்கள் இப்படி வரிசைப்படுத்தியபோது, ஒரே பேரினத்துக்குள்ளேயே நீரில்லாமல் நாளைத் தள்ளும் இனமும் உடனே துவளும் இனமும் இருப்பது தெரிந்தது. சில நாள் வேலை. இருபதாண்டு காத்திருக்கத் தேவையில்லை. ஏழாம் அடிக்கு இது நேர்ப்பகை என்று படிக்கிறவர் சொல்லக்கூடும். இலை தன் தாகத்தைத்தான் சொல்லும், தன் கிளை எப்போது முறியும் என்று சொல்லாது. அங்கே வரும்போது பேசிக்கொள்வோம்.

நின்றிடும் இடம்: மேலே மின்கம்பி, பக்கத்தில் பால்கனி, கீழே கேபிள். எல்லோரும் பார்த்ததுதான். ஒன்று மட்டும் சொல்லவேண்டும். வர்தாவில் சாய்ந்த மரங்களின் அடியைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும்: பல மரங்களில் ஒரு பக்கத்து வேர்களே இல்லை. கேபிளுக்கும் வடிகாலுக்கும் பள்ளம் வெட்டியபோது அவை போயிருந்தன. அப்படி நின்ற மரத்தைக் காட்டி “இந்தச் சாதியே பலவீனம்” என்று தீர்ப்பெழுதுவது நியாயமில்லை.

பெயரறி பிறப்பறி பெற்றதாய் மரமறி

பெயரறி என்பதை அற்பம் என்று தள்ளவேண்டாம். 2015இல் வியட்நாம் தலைநகர் ஹனோயில் தெருக்களிலிருந்த 6,700 அளவிலான மரங்களை வெட்டி வேறு மரம் வைக்கும் திட்டம் தொடங்கியது. மக்கள் கொதித்தெழுந்தார்கள், மார்ச் மாதத்திலேயே அது நிறுத்தப்பட்டது. அதற்கிடையில் இன்னொரு கூத்து. ஒரு பெரிய சாலையில் வைத்த கன்றுகள் ‘வாங் தாம்’ என்ற உயர்ந்த மரம் என்று அதிகாரிகள் சொன்னார்கள். தாவரவியல் அறிந்தவர்கள் வந்து பார்த்து, இவை அதன் பங்காளியான ‘மோ’ என்றார்கள். இரண்டும் செண்பகக் குடும்பம். கன்றில் கண்டுபிடிப்பது கடினம். எந்த மரம் என்பதே தெரியாமல் ஒரு சாலை முழுக்க நட்டாயிற்று என்றால், அதன் குணத்தைச் சோதித்தது யார்?

பிறப்பு என்றது விதை வந்த ஊர். அமெரிக்காவின் செம்மேப்பிள் தெற்கே புளோரிடா முதல் வடக்கே கனடா வரை தானாக வளரும் மரம். ஆனால் புளோரிடாவில் பொறுக்கிய விதையின் கன்றை வடக்கே வைத்தால் முதல் கடுங்குளிரிலேயே நுனி கருகும். பெயர் ஒன்று, பிறந்த வீடு வேறு. நம் நர்சரிகளில் புங்கன் விதை எந்த ஆற்றங்கரையிலிருந்து வந்தது என்று கேட்டால் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார்கள். கேட்டுத்தான் பார்க்க வேண்டும்.

தாய்மரம் ஏன்? விதைக்கன்று தகப்பனையும் கொண்டு பிறக்கிறது. ஒட்டும் போத்தும் தாயின் அச்சு. ஜின்கோ மரத்தைக் கொண்டு இதைச் சொல்லிவிடலாம். நோய் தீண்டாத, புகைக்கு அஞ்சாத மரம். ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபின் மறுபடி துளிர்த்த மரங்களில் ஜின்கோவும் உண்டு. தெருவுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் பெண்மரத்தின் கனி அழுகினால் தெருவே மூக்கைப் பொத்திக்கொள்ளும். விதையிட்டு வளர்த்தால் ஆணா பெண்ணா என்று தெரிய இருபது ஆண்டுக்கு மேலும் ஆகலாம். ஆகவே ஆண் என்று தெரிந்த தாய்மரத்திலிருந்து ஒட்டுக்கட்டி வைக்கிறார்கள். (ஆணைப் போய்த் தாய்மரம் என்பதா என்றால், நாற்றங்காலில் அப்படித்தான் வழக்கு.)

ஒட்டில் ஓர் ஆபத்தும் உண்டு. தாய் நல்லதாக இருந்தால் ஆயிரம் நல்ல மரம். தாயில் ஒரு குறை ஒளிந்திருந்தால் ஆயிரம் மரத்தில் அதே குறை, ஏறத்தாழ ஒரே வயதில் வெளிப்படும். அடுத்த இரண்டு அடிகளும் இந்த ஆபத்தின் கதைதான்.

இளமையின் எழில்கண்டு ஏமாந்து போகேல்
கவட்டினைக் காண்க கனியினை வினவுக

இவ்விரண்டையும் சேர்த்தே உரைக்கவேண்டும். பிரித்தால் கதை கெடும்.

கதை தொடங்குவது பழத்தோட்டத்தில். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மேற்குக் கரைப் பேரிக்காய்த் தோட்டங்களைக் கருகல் நோய் தின்றுகொண்டிருந்தது. நெருப்பில் வாட்டியதுபோல் கிளைகள் கருகித் தொங்கும். ஒரிகனில் ஃபிராங்க் ரைமர் என்ற ஆய்வாளர் பல பேரி இனங்களைச் சோதித்து, சீனக் காட்டுப் பேரி ஒன்று அந்த நோயை நன்றாகத் தாங்குகிறது என்று கண்டார். காலரி பேரி என்று அதற்குப் பெயர். பழம் கோலிக்குண்டு அளவு, தின்ன உதவாது. ஆனால் நல்ல பேரியை இதன் வேரில் ஒட்டலாமே. விதை கொண்டுவர வேளாண் துறையின் தாவரம் தேடி ஃபிராங்க் மேயர் சீனாவுக்குப் போனார். அவர் கண்டதை வியந்து எழுதியிருக்கிறார்: குளத்து விளிம்பில் நீரில் நின்றும் வளர்கிறது, மண்ணில்லாத மலைச்சரிவிலும் வளர்கிறது. 1918இல் யாங்சி ஆற்றில் படகில் போகும்போது நீரில் விழுந்து அவர் இறந்தார். விதைகள் ஊர்போய்ச் சேர்ந்தன.

மேரிலாந்து மாநிலத்தில் கிளென் டேல் என்னுமிடத்து அரசு ஆராய்ச்சி நிலையத்தில், சீன விதையிலிருந்து முளைத்த கன்றுகளில் ஒன்று முள்ளில்லாமல் வளர்ந்திருந்தது. 1950 வாக்கில் ஜான் கிரீச் என்ற தோட்டக்கலை அறிஞரின் கண்ணில் அது பட்டது. முப்பது வயதைக் கடந்த மரம். வசந்தத்தில் வெண்மேகம் போலப் பூக்கிறது. இலையுதிர் காலத்தில் சிவக்கிறது. எந்த மண்ணுக்கும் ஆகும், எந்தப் பூச்சியும் தொடாது. பழம் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. நிலையத்தின் முன்னாள் தலைவர் பெயரை வைத்துப் ‘பிராட்ஃபோர்டு’ என்றார்கள். ஒட்டுக்கட்டி, 1954இல் பக்கத்திலுள்ள யூனிவர்சிட்டி பார்க் என்ற ஊரின் தெருக்களில் சோதனைக்கு வைத்தார்கள்.

இதைக் கவனிக்கவேண்டும்: சோதிக்காமல் விற்கவில்லை. நாற்றங்காலில் மட்டும் பார்த்து முடிவெடுக்கவும் இல்லை. உண்மையான தெருவில், உண்மையான வீடுகளின் முன் வைத்து ஆண்டுக்கணக்கில் பார்த்தார்கள். அந்நாளில் தெருமரச் சோதனை என்றால் இதைவிட ஒழுங்காகச் செய்தவர் அரிது. மரங்கள் எல்லாத் தேர்விலும் தேறின. 1963இல் விற்பனைக்கு விட்டார்கள். 1966இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் மனைவி லேடி பேர்ட் ஜான்சன் வாஷிங்டனில் ஒன்றை நட்டார். பிறகு புறநகர் தவறாமல், கடைவாசல் தவறாமல் பிராட்ஃபோர்டு.

பதினைந்து, இருபது வயதானபோது அவை பிளக்கத் தொடங்கின.

கவடு என்பது கிளை பிரியும் இடம். கிளை அகன்ற கோணத்தில் பிரிந்தால் தண்டின் கட்டையும் கிளையின் கட்டையும் ஆண்டுதோறும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து பின்னிக்கொள்ளும். குறுகிய கோணத்தில் கைகூப்பியது போல மேலே போனால், இரண்டும் பருத்து நெருக்கும்போது நடுவில் பட்டை சிக்கிக்கொள்ளும். பட்டையில் பிடிப்பு ஏது? வெளியே பார்த்தால் ஒட்டியிருக்கும், உள்ளே பிளவு. பிராட்ஃபோர்டில் தண்டின் ஏறத்தாழ ஒரே இடத்திலிருந்து பல கிளைகள் இப்படிக் கூம்பி எழுகின்றன. இளமையில் அந்தக் கூம்பலே அழகு: வெட்டிச் சீராக்கியது போன்ற முட்டை வடிவம். மக்கள் வாங்கியது அந்த வடிவத்தைத்தான். எழில் வேறு, குறை வேறு என்று இருந்திருந்தால் மூன்றாம் அடியும் நான்காம் அடியும் தனித்தனியே நின்றிருக்கும். இங்கே குறைதான் எழிலாகத் தோன்றியது. ஒரு காற்றுக்கோ பனிப்பாரத்துக்கோ மரம் நடுவே இரண்டாகப் பிளந்து விழும்.

1954இலிருந்து 1963 வரை ஒன்பது ஆண்டு. பிளக்கும் வயது பதினைந்துக்கு மேல். சோதனையை நடத்தியவர்கள் கண்ணில் படும்படி அங்கே எதுவும் நடக்கவில்லை. தாய்மரம் மட்டும் வயதானதுதானே என்றால், அது நின்றது ஆராய்ச்சி நிலையத்துத் தோட்டத்தில், ஒற்றை மரம். இலட்சக்கணக்கில் அச்செடுத்துத் தெருக்காற்றில் நிறுத்தியபோதுதான் கணக்கு விளங்கியது.

இனிக் கனி. காலரி பேரியின் மகரந்தம் தன் மரத்துப் பூவில் பலிக்காது. ஒட்டுகள் எல்லாம் ஒரே தாயின் அச்சு என்பதால், தெரு முழுக்கப் பிராட்ஃபோர்டு நின்றாலும் இயற்கையின் கணக்கில் அது ஒரே மரம்தான். ஆகவே காய் இல்லை. சோதனை ஏட்டில் இது நற்குணமாகப் பதிந்தது: தெருவை அசுத்தம் செய்யாது.

கவடு பிளக்கிறது என்று தெரிந்ததும் என்ன செய்தார்கள்? நல்ல கவடுள்ள வேறு காலரி பேரிகளை நாடினார்கள். கிடைத்தன. அவற்றில் பேர்போனது சாண்டிக்ளீர். ஒஹாயோ மாநிலத்தின் கிளீவ்லாந்து தெருவில் நின்ற ஒரு மரத்தை எட்வர்ட் ஸ்கேன்லன் தேர்ந்து, 1965இலேயே விற்பனைக்குக் கொண்டுவந்திருந்தார். கிளை ஒழுங்கு மேம்பட்ட மரம். அதன்பின் அரிஸ்டோக்ராட் முதலிய வேறு சிலவும் வந்தன. இப்போது ஒரே ஊரில் வெவ்வேறு தாய்களின் அச்சுகள். தேனீ ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பறந்தது. காய்த்தது. ஒட்டின் கீழே வேர்ச்செடி துளிர்த்துப் பூத்தாலும் இதே கதிதான், அதுவும் அயல்மரம் அல்லவா. மைனாவின் இனத்தைச் சேர்ந்த ஸ்டார்லிங் பறவைகள் பழத்தைத் தின்று வயல்வெளியெங்கும் எச்சமிட்டன. முளைத்தவை பிராட்ஃபோர்டு போல முள்ளில்லாதவை அல்ல. பாட்டனின் முள் திரும்பி வந்தது, டிராக்டர் டயரைக் குத்திக் கிழிக்கும் அளவுக்கு. தரிசு நிலங்களில் அடர்ந்து மற்றச் செடிகளை நெருக்கின.

கவட்டைத் திருத்தப் போய்க் கனி வந்தது. நான்காம் அடியில் கவடும் கனியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பது மோனைக்காக மட்டுமில்லை.

சாண்டிக்ளீருக்கு 2005இல் அமெரிக்க நகராட்சி மரவல்லுநர் சங்கம் ‘ஆண்டின் நகர மரம்’ என்ற சிறப்பை அளித்தது. 2023இல் அது பிறந்த ஒஹாயோவே காலரி பேரியின் விற்பனையைத் தடைசெய்தது. 2024இல் பென்சில்வேனியாவும் தென் கரோலினாவும். அந்தச் சிறப்புக்கும் இந்தத் தடைகளுக்கும் நடுவே 2015இல் நியூயார்க் எடுத்த கணக்கெடுப்பில் தெருமரங்கள் 6,66,134. அதில் மூன்றாவது இடம் காலரி பேரிக்கு, ஏறத்தாழ 59 ஆயிரம்.

‘அறி’ என்று ஏவிக்கொண்டு வந்தவன் இந்த அடியில் ‘காண்க’, ‘வினவுக’ என்று வியங்கோளுக்கு இறங்கியது ஏன் என்ற கேள்விக்கும் இங்கே விடை இருக்கிறது. கவடும் கனியும் கட்டளைக்குப் பணிபவை அல்ல, தங்கள் பருவத்தில்தான் வாய் திறக்கும்.

நம் ஊரில் இளமையின் எழிலுக்கு மயிற்கொன்றை எடுத்துக்காட்டு. மடகாஸ்கரிலிருந்து வந்தது, சீக்கிரம் வளரும், சித்திரை வெயிலில் செக்கச்செவேல் என்று நிற்கும்போது யாரும் குறைசொல்ல மாட்டார்கள். கட்டை மெலிது, வேர் மேலோட்டம். வர்தாவில் அதிகம் சாய்ந்தவை என்று அப்போது பேசப்பட்டவற்றில் இதுவும் இயல்வாகையும் தூங்குமூஞ்சியும் இருந்தன. கோனோகார்ப்பஸ் என்று ஒன்று அண்மையில் பல ஊர்களில் வந்தது. ஆண்டு முழுவதும் பச்சை, கேட்டதற்கெல்லாம் வளரும். 2023இல் குஜராத் அரசு அதைத் தடைசெய்தது.

கனி விஷயத்தில் நூலாசிரியனோடு எனக்கு ஒரு பிணக்கு உண்டு. ‘வினவுக’ என்றால் ‘விலக்குக’ என்று அலுவலகங்கள் படித்துக்கொள்ளும். புதுதில்லியை அமைத்தபோது பெரிய சாலைகளில் நாவலை வரிசையாக நட்டார்கள். மழைக்காலம் தொடங்கும்போது நடைபாதை ஊதாவாகும், நடப்பவர் வழுக்குவார். அதே பருவத்தில் கீழே துணியை விரித்துப் பிடித்து உலுக்கி, அங்கேயே உப்புத் தூவி விற்பார்கள். பழம் பறிக்கும் உரிமைக்கு நகராட்சி ஏலம் விடுகிறது. அந்தப் பழம் குற்றமா, வரவா? கனியை யார் தின்பார், அதன் விதை எங்கே போகும், என்னாகும் என்று கேட்பதே ‘வினவுக’ என்பதன் பொருள். தில்லி நாவல் அந்தக் கேள்விக்கு நல்ல விடை சொல்லும். காலரி பேரி சொல்லாது.

ஆற்றங் கரைமரம் தெருவினுக் காகும்

இது தலைகீழ் என்று தோன்றலாம். ஆற்றங்கரை மரத்தை நிலையாமைக்கு உவமை சொல்வது நம் மரபு. கரை அரித்தால் விழும் மரம் அது. அதைப் போய்த் தெருவுக்குச் சொல்வானேன்? காரணம் முதலடியிலேயே இருக்கிறது. வெள்ளம் வந்து வாரக்கணக்கில் நிற்கும் கரையில் மண்ணிடுக்கில் காற்று இருக்காது. அங்கே வாழப் பழகிய வேர் காற்றுக்குறைவைப் பொறுத்துக்கொள்ளும். தெருவின் இறுகிய மண்ணிலும் இல்லாதது அதே காற்றுத்தான். வெள்ளமும் ரோடு உருளையும் வேருக்குச் செய்வது ஒரே கொடுமை என்று மரம் எடுத்துக்கொள்கிறது போலும்.

நியூயார்க் கணக்கெடுப்பின் முதல் நான்கு இடங்களைப் பார்த்தால் இது புரியும். முதலிடத்தில் லண்டன் பிளேன், 87 ஆயிரம். அதன் தாய் தந்தை இரண்டும் ஆற்றோரத்து மரங்கள். இரண்டாவது ஹனிலோகஸ்ட், ஆற்றுப் பள்ளத்தாக்கு மரம். மூன்றாவது நம் காலரி பேரி. மேயர் அதைக் குளத்து நீரில் நிற்கக் கண்டார் அல்லவா. நான்காவது பின் ஓக், அதுவும் வெள்ளம் தேங்கும் தாழ்நிலத்தது. தேர்ந்தவர்கள் எல்லோரும் இந்த விதியை நினைத்துத் தேர்ந்திருக்க மாட்டார்கள். தெரு தானே வடிகட்டி மிச்சம் வைத்திருக்கிறது.

இதைத் தமிழில் பெயர்த்தால் நீர்மருது, புங்கன், நாவல். மூன்றும் ஆற்றோரம் தானாக நிற்பவை. காவிரிக் கரையோரம் பேருந்தில் போனவர்களுக்கு நீர்மருதை அறிமுகம் செய்யவேண்டாம், வெளிறிய பட்டை தூரத்திலிருந்தே தெரியும். ஆனால் அது பேருருவம்; முதலடியின் ‘நின்றிடும் இடமறி’ இங்கே குறுக்கே வரும். குறுந்தெருவுக்குப் புங்கனே போதும்.

ஒன்றே நடாமல் பலவகை நடுக

அமெரிக்க ஊர்த் தெருக்களில் ஒரு காலத்தில் எல்ம் மரம்தான். இருபுறத்துக் கிளைகளும் மேலே கூடி வளைந்து கோயில் மண்டபம் போல நிற்கும். 1930இல் ஐரோப்பாவிலிருந்து வந்த மரக்கட்டையோடு ஒரு பூஞ்சை வந்து இறங்கியது. முதலில் கண்டது, மறுபடியும், ஒஹாயோவில். வண்டு சுமந்து போயிற்று. அடுத்தடுத்து நின்ற மரங்களுக்கு வேர் வழியாகவும் பரவியது. கோடிக்கணக்கான எல்ம்கள் போயின.

வெறிச்சோடிய தெருக்களில் என்ன நட்டார்கள்? பல ஊர்களில் ஆஷ் மரம். வரிசை வரிசையாக, எல்ம் நின்ற அதே ஒழுங்கில். 2002இல் டெட்ராய்ட் அருகே ஆசியாவிலிருந்து வந்த ஒரு பச்சை வண்டைக் கண்டுபிடித்தார்கள். அதன் புழு ஆஷ் மரப்பட்டையின் உட்புறத்தைக் குடையும். அதன்பின் ஆஷ்களும் எல்ம்கள் போன வழியே போயின.

இரண்டு சாவுக்கும் இடையில், 1990இல், அமெரிக்கத் தேசிய மரப்பூங்காவைச் சேர்ந்த ஃபிராங்க் சாண்டமூர் ஓர் அளவு சொன்னார்: ஒரு நகரின் மரங்களில் ஒரே இனம் நூற்றுக்குப் பத்தைத் தாண்டவேண்டாம், ஒரே பேரினம் இருபதைத் தாண்டவேண்டாம், ஒரே குடும்பம் முப்பதைத் தாண்டவேண்டாம். மெல்போர்ன் நகரம் 2012இல் இதை இன்னும் இறுக்கி ஐந்து, பத்து, இருபது என்று வைத்துக்கொண்டது. இந்த அளவுகளும் முழுக் காப்பல்ல. 1996இல் நியூயார்க்கின் புரூக்ளினில் கண்ட நீளக்கொம்பு வண்டு மேப்பிள், எல்ம், வில்லோ என்று குடும்பம் பார்க்காமல் தின்றது.

ஆனாலும் குடும்பக் கணக்கை நம் தெருவில் ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். மயிற்கொன்றை, இயல்வாகை, தூங்குமூஞ்சி, சரக்கொன்றை, வாகை, புளி, புங்கன். ஏழு பெயர், பூ ஏழு விதம், பார்வைக்குப் பலவகைதான். தாவரவியலில் ஏழும் அவரைக்காயின் குடும்பம். நான் இதை முதன்முதலில் எண்ணியபோது எங்கள் தெருவில் வேம்பும் ஒரு பூவரசும் மட்டுமே வெளியாள். “வேம்பு வைங்க சார்” என்றவரை அன்று கொஞ்சம் மரியாதையோடு பார்த்தேன்.

‘பலவகை’ என்பதற்கு அடிக்கொரு சாதி என்று பொருள் கொள்ளவேண்டாம். ஒரு தெரு முழுக்கப் புன்னை நின்றால் அதற்கென்று ஒரு கம்பீரம் இருக்கிறது. அடுத்த தெருவில் மகிழம் இருக்கட்டும், அதற்கடுத்ததில் நாவல். பத்து, இருபது, முப்பது என்பது ஊருக்கு விதித்த அளவு.

இருபதாண் டிருந்தபின் எழுதுக முடிவே

இங்கேதான் நூலாசிரியன் சீருக்காக நெளித்தான். இருபது என்பது பிராட்ஃபோர்டு பிளந்த வயதை மனத்தில் வைத்துச் சொன்னது. வேறு மரத்துக்கு நாற்பது ஆகலாம். எல்முக்கு வந்த நோய் மரத்தின் வயதைப் பார்த்து வரவில்லை. ‘முடிவே’ என்ற ஏகாரத்தைத் தேற்றமாகக் கொள்ளவேண்டாம், ஈற்றசை என்றே கொள்க.

இருபதாண்டு காத்திருந்துதான் நடவேண்டுமென்றால் எந்த அலுவலரும் எதையும் நட முடியாது. வேலைக்குச் சேர்ந்தபோது வைத்த கன்று, ஓய்வு பெறும்போதுதான் வாய் திறக்கும். அதற்குள் அவருக்கு ஐந்து முறை மாற்றல் வந்திருக்கும். ஆகவே ‘எழுதுக’ என்ற சொல்லில் அழுத்தம் வைத்துப் படிக்கவேண்டும். இன்ன தெருவில், இன்ன நாளில், இன்ன தாய்மரத்து ஒட்டு வைத்தோம் என்று எழுதி வைத்தால்தான் பின்னால் வருகிறவர் முடிவை எழுத முடியும். 1970களின் தொடக்கத்தில் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தார் அங்குள்ள தெருக்களில் வைத்த இளமரங்களைப் படம்பிடித்து வைத்தார்கள். பல ஆண்டு கழித்து அதே இடத்தில் நின்று அதே மரங்களை மறுபடி படம்பிடித்தார்கள். பெரிய கருவி எதுவும் இல்லை. கேமராவும், படத்தைத் தொலைக்காத ஓர் அலமாரியும்.

நல்ல முடிவும் இப்படித் தாமதமாக வந்ததுண்டு. 1922இல் நியூ ஜெர்சியின் ஒரு நாற்றுப் பண்ணையில் அழகான வடிவம் என்பதற்காக மட்டும் ஓர் எல்ம் மரத்தைத் தேர்ந்து ‘பிரின்ஸ்டன்’ என்று பெயரிட்டார்கள். அமெரிக்காவில் எல்ம் நோய் வர இன்னும் எட்டு ஆண்டு இருந்தது. நோய் வந்து மற்றவை மடிந்தபின், இதன் அச்சுகள் பல இடங்களில் நின்றுகொண்டிருப்பதைப் பார்த்தார்கள். ஆய்வுச்சாலையில் நோயை ஏற்றிச் சோதித்தபோது தாங்கியது. இளமையின் எழிலைப் பார்த்துத் தேர்ந்த மரம்தான். மூன்றாம் அடி இந்த ஒரு மரத்திடம் தோற்றது என்பதை உரைகாரன் மறைக்கக்கூடாது.

எங்கள் தெருவில் வர்தாவுக்குப் பின் 2017இல் எட்டுப் புங்கன் வைத்தார்கள்; ஆறு பிழைத்தன. விதை எந்த ஊரிலிருந்து வந்தது என்று கேட்டேன். “வண்டியில வந்துச்சு சார்” என்றார்கள். நோட்டில் அதையே எழுதியிருக்கிறேன். ஆறில் ஒன்றுக்கு மார்பளவு உயரத்தில் கவடு கைகூப்பி நிற்கிறது. 2037 என்று அதற்கு நேரே குறித்து வைத்திருக்கிறேன்.